ஞாபகப்படுத்தும் சாஃப்ட்வேர்

கொச்சி மட்டாஞ்சேரி யூதர்களின் சின்ன நூலகத்துக்கு சாஃப்ட்வேர் தேடித்தந்தவன் சங்கர்ராம். நூலகத்தை நடத்தும் மிரியம் ஆன்ட்டியைக் கேட்காமல் அதைப் போன மாதமே ஓட்டியும் பார்த்திருந்தான்.

“புத்தகம் திருப்பித் தராதவங்களுக்கு இதுவே ஞாபகப்படுத்தி மெயில் அனுப்பும், ஆன்ட்டி.”

“அப்போ வேண்டாம், மோனே.”

“ஏன்? எல்லாம் திரும்பி வந்துடுமே.”

“இஸ்ரேலுக்குப் போனவங்க ஆளுக்கொரு புத்தகம் கொண்டுபோனாங்க, நேர்ல வந்து தர்றேன்னு. ஞாபகப்படுத்தினா தபால்ல அனுப்பிடுவாங்க. அப்புறம் எதுக்கு வருவாங்க?”

சங்கர்ராம் மடிக்கணினியை மெல்ல மூடினான். சோதனைக்கென்று அத்தனை பேருக்கும் மெயிலைத் தட்டிவிட்டிருந்தான்.

வாசலில் தபால்காரர் பார்சலை நீட்டினார். மேலே எபிரேய எழுத்து. பாய்ந்துபோய் வாங்கினான்.

“என்னது மோனே?”

“செருப்பு, ஆன்ட்டி. ஆர்டர் பண்ணியிருந்தேன்” என்றவன், செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டான்.