இரைச்சலுக்கு அடியில்

உள்ளே யார் காலிலும் செருப்பில்லை. கேப்டன் காலில்கூட இல்லை. நீர்மூழ்கிக் கப்பலின் இரும்புத் தரையில் செருப்பு உரசினாலே போதும், மேலே இருப்பவனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி.

மேலே இருப்பது வேட்டைக் கப்பல். எதிரியின் துறைமுகத்துக்கு வெளியே பதுங்கியிருந்து இவர்கள் ஏவிய டார்பிடோ, குறி தவறியதோடு நிற்கவில்லை. போகிற வழியெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டே போய், கிளம்பிய இடத்தையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்போது பிடித்த சனி. வேட்டைக்காரன் தண்ணீருக்குள் ஓர் ஒலியை எறிவதும், அது இரும்பில் பட்டுத் திரும்புகிறதா என்று கேட்பதுமாக விடாமல் துரத்துகிறான். எந்தப் பக்கம் வளைந்து ஓடினாலும் 'டிங்... டிங்...'தான். அவன் போட்ட வெடிகளில் திசைகாட்டியும் போயிற்று. இனி கண் கிடையாது, காது மட்டும்தான்.

ஹெட்போன் மாட்டி மூலையில் உட்கார்ந்திருந்தவனை எல்லோரும் 'காது' என்றே கூப்பிட்டார்கள். அவன் தங்கையைக் கட்டியவன் அதே கப்பலில் மெக்கானிக். ஸ்பேனருக்குத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு இளைக்க இளைக்கப் பக்கத்தில் சாய்ந்திருந்தான். உள்ளே காற்று கெட்டுக்கொண்டிருந்தது. சீக்கிரம் மேலே போய் மூடியைத் திறக்காவிட்டால், ஆளைக் கொல்ல வெடியே தேவைப்படாது.

"மச்சான், ரெண்டு பேர்ல ஒருத்தனத்தான் திருப்பி அனுப்புவோம்னா, உன் தங்கச்சி யாரக் கேப்பா?" என்று மெக்கானிக் அவன் காதோடு கிசுகிசுத்தான்.

"என்னயத்தான். உன் குறட்டையக் கேட்டு அவ பட்டது போதாதா மாப்ளே? தயவுசெஞ்சு இங்க தூங்கிடாத. அடுத்த வெடி நேரா நம்ம தலையில விழும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே காது கையைத் தூக்கினான். "சார், இன்னொரு கப்பல். பெருசு. பின்னாலருந்து வருது. சரக்குக் கப்பல்தான்."

கேப்டனுக்கு முகத்தில் உயிர் வந்தது. நீர்மூழ்கிக்காரர்களின் பழைய தந்திரம் அது. இரைச்சல் போடும் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டால் தங்கள் சத்தம் அதில் கரைந்துவிடும். சந்தைக் கூட்டத்தில் முணுமுணுப்பவனை யார் கவனிப்பார்கள்?

"பின்னாலதான கரை இருக்கு? துறைமுகத்துலருந்து கிளம்பிக் கடலுக்குப் போறான். நம்மளயும் கூட்டிட்டுப் போகட்டும். அடியில போய் ஒட்டுங்க."

காது தயங்கினான். "சார், கப்பலத் தள்ளுற விசிறி பாதி தண்ணிக்கு வெளிய நின்னு அடிக்குது. சளார் சளார்னு கேக்குது. கப்பல் காலியா இருக்கு."

"இருக்கட்டுமே. நாம என்ன சரக்கு வாங்கவா போறோம்? காலின்னா அடியில இடம் தாராளமா கிடைக்கும். நீ வழி சொல்லு."

பல் தெரிய, சத்தம் வராமல் எல்லோரும் சிரித்தார்கள்.

காது வழி சொன்னான். "கொஞ்சம் இடது... போதும்... இன்னும் மேல." அரவை மில்லுக்கு அடியில் படுத்தது போல மேலே இரைச்சல். அதற்கப்பால் 'டிங்' தேய்ந்தது, தூரமானது, ஒரேயடியாக நின்றும் போனது.

"விட்டுட்டான் மச்சான்!" மெக்கானிக் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"கைய எடு மாப்ளே. கேக்கல."

அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். பேச மூச்சில்லை. சமையல்காரர் தரையில் மல்லாந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். "இன்னும் கொஞ்ச தூரம். நடுக்கடல் வந்துரட்டும், மூடியத் திறந்துரலாம்" என்று கேப்டன் மட்டும் அவ்வப்போது முனகினார்.

"சார், சுத்தி சின்னச் சின்ன மோட்டார் சத்தம்."

"மீன்பிடிப் படகா இருக்கும். அவனுக்கு நம்மளத் தெரியாது."

"மேல இருக்கறவன் வேகத்தக் குறைக்கிறான் சார்."

"நாமளும் குறைப்போம்."

மேலே எஞ்சின் நின்றது. இவர்களும் நின்றார்கள்.

"வேட்டைக்காரன்?"

"இல்ல சார். இந்தப் பக்கமே இல்ல."

கேப்டன் கண்ணை மூடித் திறந்தார். மேலே போகலாம் என்று சொல்வதற்குள் மெக்கானிக் ஏணிப்படியில் ஒரு காலை வைத்துவிட்டான். முதலில் மூடியைத் திறந்து முதல் காற்றைக் குடிப்பது அவன்தான் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுவை எந்திரம் முனக முனக, கனத்த இரும்புச் சங்கிலிகள் தண்ணீருக்குக் குறுக்கே இழுபடும் சத்தம்.

காதுக்கு அது தெரியாமலா? ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும் கடைசியாகக் கேட்பது அதைத்தானே. எதிரியின் நீர்மூழ்கி நுழைந்துவிடாதபடி துறைமுக வாயிலில் தொங்கும் இரும்பு வலை, வந்த கப்பலை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும் சத்தம். அதைக் கேட்டதும் 'அப்பாடா' என்று ஹெட்போனைக் கழற்றுவது அவன் வழக்கம்.

இப்போதும் கை தானாக ஹெட்போனுக்குப் போனது. பாதியில் நின்றது.

"என்னய்யா கேக்குது? சொல்லித் தொலை!" என்றார் கேப்டன்.

"அவங்க கதவச் சாத்துறாங்க சார். நாம உள்ள இருக்கோம்."