கொடியின் பின்பக்கம்

லண்டன் கண்காட்சியில் அந்தப் பழைய புகைப்படத்தை நெருங்க நெருங்க ஹாஸ்னா பேகம் நடையை மெதுவாக்கினாள். எழுபத்தொன்றில் வங்கதேச விடுதலை ஊர்வலத்துக்குக் கொடி தைத்தவள் அவள்தான். சிவப்பு வட்டத்தின் மேல் மஞ்சள் துணியில் நாட்டின் வரைபடம். அவசரத்தில் துணியைப் புரட்டி வைத்து, கிழக்கை மேற்காக்கித் தைத்துவிட்டாள். உலகத்தில் இல்லாத ஒரு நாட்டுக்கு விடுதலை கேட்ட பெருமை அவளுக்கே உரியது. கோஷம் போட்ட மும்முரத்தில் அன்று யாரும் கவனிக்கவில்லை. இன்று மகளும் பேத்திகளும் பார்க்கப்போகிறார்கள்.

படத்தில் வரைபடம் சரியாக இருந்தது. மெல்லிய கொடித்துணியில் வெயில் ஊடுருவி, பின்பக்கம் விழுந்த அதன் நிழலில் கிழக்கு கிழக்காகவே இருந்தது.

"பின்னாடி நின்னுதான் எடுத்தீங்களா, அண்ணா?" என்று படத்தின் அருகே நின்றிருந்த, அதை எடுத்த கிழப் புகைப்படக்காரரிடம் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி போலீஸ் நின்னாங்கம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஹாஸ்னா பேகம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"