ரெண்டு கிலோ

குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த எடை மெஷினைத் திருப்பினாள் குண்டூசி. பின்பக்கம் ஒரு சின்னத் திருகு. அதை நகத்தால் நெம்பி, முள்ளை ரெண்டு கிலோ பின்னால் தள்ளினாள்.

வேறு என்னதான் செய்வாள்? கேக் கடையில் க்ரீம் பூசும் வேலை பார்த்துக்கொண்டு, உடம்பைக் குறைக்கக் கிளம்பியவள் அவள். வாரக்கணக்கில் காலை நடை, ராத்திரி வெறும் சூப். முள் மட்டும் அசைவேனா என்று நின்றது.

குண்டூசி என்பது தாத்தா வைத்த செல்லப் பெயர். “அதுல குண்டும் இருக்கு, ஊசியும் இருக்கு. உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ” என்பார். ஊசியாகிக் காட்டுகிறேன் என்று அவரிடம்தான் சவால் விட்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். மெஷினில் ஏறி நின்ற மகளையும் முள்ளையும் பார்த்து வாயெல்லாம் பல்லானாள்.

“அடியேய், ரெண்டு கிலோ எறங்கியிருக்குடி! சரி, நகரு. தாத்தா நிக்கணும்.”

குண்டூசி மெதுவாகக் கீழே இறங்கினாள். இது தாத்தாவின் மெஷினும்தான் என்பதை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

தாத்தாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் எடை ஏறும். ஏறினால் அன்றைக்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் தினமும் பேத்தி இறங்கியதும் அவர் ஏறி நிற்பார்.

அவருக்கும் ரெண்டு கிலோ இறங்கியிருந்தது. “மருந்து வேலை செய்யுதுப்பா!” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவின் சிரிப்பைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள். நிஜமாகவே ரெண்டு கிலோ குறைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திருகைப் பழையபடி வைத்துவிடலாம் என்று தன் மனசாட்சியிடம் தவணை கேட்டாள்.

அதிசயம், அதற்கப்புறம் எடை மளமளவென்று இறங்கியது. “இன்னிக்கு ஏறிப் பாரு குண்டூசி, கொறஞ்சிருக்கும்” என்பார் தாத்தா, கட்டிலில் உட்கார்ந்தபடியே. அவர் வாய்முகூர்த்தம், குறைந்திருக்கும்.

அவளுக்கு வெறியே வந்துவிட்டது. கடையில் விரலில் ஒட்டிய க்ரீமைக்கூட நக்காமல் கழுவினாள். ஒன்று, ரெண்டு, மூன்று கிலோ, அத்தனையும் நேர்மையாக வியர்வை சிந்திக் குறைத்தது.

திருகைச் சரிசெய்ய வேண்டிய நாள் வந்தது, போனது. குறைந்த எடையைக் கூட்டிக் காட்ட எந்தப் பொண்ணுக்கு மனசு வரும்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

தாத்தாவின் கால் லேசாக வீங்கினாற்போலிருந்தது. “வெயிட் ஏறலையே, அப்புறம் என்ன?” என்றாள் அம்மா. குண்டூசி அந்தக் காலைப் பார்க்கப் பயந்து, ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது தாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. முதுகைத் தடவியும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

“வீட்டுல வெயிட் எவ்வளவு காட்டிச்சு?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நேத்துகூட அறுபதுதான் டாக்டர்” என்றாள் அம்மா.

“இங்க அறுபத்தஞ்சு! உங்க மெஷின் அஞ்சு கிலோ பொய் சொல்லியிருக்கு. அதை நம்பி இவரை இந்த நெலமைக்கு விட்டுட்டீங்க. தூக்கிக் குப்பையில போடுங்க.”

அம்மா திருதிருவென்று விழித்தாள். குப்பையில் போட வேண்டியது என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு குண்டூசி சுவரோடு ஒட்டி நின்றாள்.

சாயங்காலம் தாத்தாவுக்கு மூச்சு சீரானது. நீர் இறங்குகிறது, இனி பயமில்லை என்றார்கள். அம்மா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, குண்டூசி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள்.

“தாத்தா, நான் பாவி. மெஷினைத் திருகி வெச்சது நான்தான். என் வெயிட்டுக்காக உங்க உசுரோட வெளையாடிட்டேன்.”

தாத்தா திடுக்கிட்டார். “எவ்வளவு திருகின?”

“ரெண்டு கிலோ.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் தொடவே இல்ல, சத்தியமா. மீதி மூணு கிலோ நானே நடந்து கொறைச்சது.”

தாத்தா மாஸ்க்கை நகர்த்தினார். பேத்தியை நேராகப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீ பாதியிலேயே விட்டுடுவியோன்னு பயந்துட்டேன் கண்ணு…” என்றார். “அந்த மூணு நான் திருகினது.”