எந்த வயிற்றுப் பிள்ளை?

“யூதப் பிள்ளை இல்லையாம்! இவளுக்கு அங்க என்ன வேலை எண்டு கேட்டானாம்! என்ன அநியாயம் இது?”

சச்சிதானந்தன் போட்ட சத்தத்தில், குசினிக்குள் நின்ற சிவனேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

சோபாவில் நயோமி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண். மகள் விமலாவின் வகுப்புத் தோழி. தகப்பன் யூதர், தாய் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண். மெல்பேர்னின் கோல்ஃபீல்ட் பகுதியில் யூதப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் கூடிப் பேசும் மண்டபத்துக்கு ஆசை ஆசையாகப் போய் வந்தவள். போன கிழமை அங்கே ஒரு பொடியன் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டான். “உன் அம்மா யூதர் இல்லையே, நீ ஏன் இங்கே வருகிறாய்?”

இன்றைக்கு அவளுக்கு அங்கே போகப் பயம்.

“விடுங்கோ அப்பா” என்றாள் விமலா.

“என்னத்தை விடுறது? எழுபத்தாறாம் ஆண்டிலயும் பிறப்புப் பார்க்கிறாங்கள்! வெளிக்கிடுங்கோ பிள்ளையள். நான் வந்து கேட்கிறன்.”

“இஞ்சேருங்கோ, தேவராஜா மாஸ்டர் பின்னேரம் வாறன் எண்டவர்” என்று சிவனேஸ்வரி நினைவூட்டினாள். தேவராஜா, அவர்களுடைய ஊரிலிருந்து மெல்பேர்னுக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்கு வாத்தியார்.

“வரட்டும். பிக்னிக்குக்கு வாங்கின பேப்பர் கப் மிச்சம் கிடக்குதெல்லே?”

“ஓம், கிடக்கு.”

மண்டபத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஒரே கேள்வி: ‘யூதர் என்றால் யார்?’

“தாய் யூதராக இருக்க வேண்டும்.”

“ஓய்வுநாளைக் கைக்கொள்ள வேண்டும்.”

“எங்கள் அப்பா கைக்கொள்வதே இல்லை. அப்போ அவர் யூதர் இல்லையா?”

“ஹிட்லர் யாரைப் பிடித்துக்கொண்டு போயிருப்பானோ, அவர்தான்.”



“நாம் யாரென்று அவனிடமா போய்க் கேட்பது?” என்று சீறினார் வகுப்பை நடத்தும் ஃபெல்ட்மன்.

வாசலில் நின்ற நயோமிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது.

“என் அப்பாவைப் பெற்றவளை அவனுடைய ஆட்கள்தான் கொன்றார்கள். என்னையும் பிடித்துப் போக அவனுக்கு அந்த இரத்தம் போதும். உங்களோடு உட்காரப் போதாதா?”

போன கிழமை அவளைக் கேட்ட பொடியன் தலையைக் குனிந்தான்.

சச்சிதானந்தனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நடுவே போய் நின்றுகொண்டார். “ஒரு பிள்ளை எந்த வயிற்றில் பிறந்தது என்று பார்த்தா உள்ளே விடுவீர்கள்? பிறப்பை வைத்து மனிதரைப் பிரிப்பவன் மனிதனா?”

பிள்ளைகள் கைதட்டினார்கள். விமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார்!

ஃபெல்ட்மன் எழுந்தார். “தாய் வழி என்பது எங்கள் பழைய சட்டம். அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. அதைப்பற்றி இன்னும் சண்டை பிடிப்போம். ஆனால் அந்தச் சண்டையில் நயோமியும் இருப்பாள்.”

தலை குனிந்திருந்த பொடியனே எழுந்துபோய் அவளுக்கு ஒரு கதிரையைத் தூக்கி வந்தான்.

வகுப்பு முடிந்து வீடு திரும்பும்வரை காரில் நயோமி ஓயாமல் சிரித்தாள். தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சச்சிதானந்தன் அவளை உள்ளே கூட்டிவந்தார்.

தேவராஜா மாஸ்டர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சச்சிதானந்தன் மண்டபத்தில் முழங்கியதை அவரிடம் ஒரு சொல் விடாமல் மறுபடி முழங்கிக் காட்டினார்.

சிவனேஸ்வரி தேநீர் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் பூப்போட்ட பீங்கான் கப். மாஸ்டருக்கு மட்டும் பேப்பர் கப்.

ஊரில் அவருடைய ஆட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை, மெல்பேர்னில் கடதாசி. அவ்வளவுதான் முன்னேற்றம்.

மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயில் வைக்காமலே மேசையில் வைத்தார். “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான். போயிட்டு வாறன்” என்று எழுந்து போய்விட்டார்.

“அவருக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்?” என்று கேட்டாள் நயோமி.

“கப் போதவில்லை” என்றார் சச்சிதானந்தன். அவருக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரிக்குள் மிச்சக் கப்புகள் வரிசையாகத் தெரிந்தன.

விமலா தன் கப்பை ஓசையெழ மேசையில் வைத்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்தபடி, நயோமிக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள்:

“அவர் எந்த வயிற்றில் பிறந்தவர் என்று அப்பாவுக்குத் தெரியும்.”