அதுகளுக்கு ஒரு குறையுமில்லீங்க

இயற்கை முட்டைச் சான்றிதழுக்காகச் சோதனைக்கு வந்திருந்த பெண், பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பண்ணைக்காரன் சாமியப்பனிடம் கேட்டாள்.

"கோழிங்களுக்கு ஓய்வு கெடைக்குதுங்களா?"

"எட்டு மணி நேரம் இருட்டுங்க. லைட்டே போடமாட்டனுங்க. ஒண்ணொண்ணா காலைத் தூக்கிப் பார்த்து, புண்ணிருந்தா மஞ்சள் வெச்சு விடறனுங்க."

மோர் கொண்டுவந்த அவன் மனைவி தெய்வானை கேட்டுக்கொண்டு நின்றாள். தீவனம் கலக்க நாலு மணிக்கே எழுகிறவள் அவள். அவளுடைய வெடித்த குதிகாலை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வேப்பமர நிழலில் ஒரு சிவப்புக் கோழி மண்ணில் குழி பறித்து, இறக்கையை விரித்து, கண்மூடிக் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. எட்டி ஓர் உதை விடலாமா என்றிருந்தது.

"நீங்க சொல்லுங்கக்கா, கோழிங்களுக்கு ஏதாச்சும் குறை?"

"அதுகளுக்கு ஒரு குறையுமில்லீங்க."

சொல்லும்போதே குரல் உடைந்தது. வந்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தெய்வானை வீட்டுக்குள் போய், ஒரு பையில் இரண்டு சேலைகளைத் திணித்துக்கொண்டு வந்தாள்.

"எங்கக்காளப் பார்த்து ரெண்டு வருசமாச்சு. போயிட்டு வர்றன்."

"இப்பவா? முட்டை யாரு பொறுக்கறது?" என்றான் சாமியப்பன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தீனி போடப்போகிறாள் என்று நினைத்துக் கோழிகள் கூட்டமாக அவள் பின்னால் ஓடின. அவள் வெளியே போய்க் கம்பிக் கதவைச் சாத்தினாள்.