பின்னாலிருந்து திறக்கும் புத்தகம்

செண்பகத்தின் மகள் சுகிர்தா புகுந்த வீட்டில் இறந்துபோனாள். அங்கிருந்து திரும்பி வந்த பெட்டியில், கல்லூரி நாளில் அவள் விழுந்து விழுந்து சிரித்துப் படித்த ஜப்பானியக் காதல் காமிக்ஸின் இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது. செண்பகத்துக்கு இங்கிலீஷ் வராது. படமாவது பார்க்கலாமே என்று, நாம் எந்தப் புத்தகத்தையும் திறப்பதுபோல இடப்பக்கமிருந்து திறந்தாள். எடுத்த எடுப்பிலேயே கல்யாணம். பக்கம் புரளப் புரள மணப்பெண்ணின் வெள்ளைக் கவுன் காணாமல் போயிற்று. ஒரே குடைக்குள் நின்றவர்கள் ஆளுக்கொரு குடையோடு விலகினார்கள், முறைத்துக்கொண்டார்கள், பிறகு முன்பின் தெரியாதவர்கள் ஆனார்கள். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் பள்ளிச் சீருடையில், வாயில் ரொட்டித் துண்டோடு, வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துக்கம் கேட்க வந்திருந்த மகளின் தோழி ரெஹானா பதறினாள். "ஐயோ ஆன்ட்டி, தப்பா படிக்கிறீங்க. ஜப்பான் புக்க பின்னாடியிருந்து திறக்கணும். கடைசியிலதான் கல்யாணம். டிவியில இது வந்தப்போ அந்தப் பாட்டுக்கு நானும் சுகியும் உங்க ஹால்ல குதிச்சோமே..."

புத்தகத்தைத் திருப்பிச் செண்பகத்தின் மடியில் வைத்தாள்.

செண்பகம் அதை மறுபடி பழையபடியே திருப்பிக்கொண்டாள்.

"அப்படிப் படிச்சா இவ வீட்ட விட்டுப் போயிருவாளேம்மா" என்றாள்.