கொய்யா மரத்து எறும்புகள்

தையல்காரம்மா கொய்யா மரத்தடியில் நிற்கிறாள். காலை வெயில் இலைகளுக்கிடையே இறங்கி, கிளைகளில் தொங்கும் துணிப்பைகளின் மேல் விழுகிறது. ஈ துளைக்காமலிருக்க, வெட்டி மிஞ்சிய துணியில் அவளே தைத்து ஒவ்வொரு காய்க்கும் கட்டியவை. எல்லாம் சின்னச் சின்ன நாட்டுக் கொய்யா. அறுத்தால் உள்ளே சிவப்பு, வீடு முழுக்க வாசம். மாவுப்பூச்சி அப்பியபோது, “ஒரே தடவை மருந்தடிச்சா தீந்துது” என்று கணவர் தினமும் நச்சரித்தார். அவள் விடவில்லை, சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷுமாக இரண்டு மாதம் இலை இலையாகத் தேய்த்தாள். நேற்றுவரை அசையாத பூச்சி இன்று ஒன்றுகூட இல்லை. “உன் பிரஷ் ஜெயிச்சிடுச்சும்மா” என்று சிரிக்கிறாள் ஆறு மாத வயிற்றோடு வந்திருக்கும் மகள். கீழ்க்கிளைப் பையை அவிழ்த்து ஒரு பழத்தைப் பறிக்கிறாள். குழாயடியில் கணவர் மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் அடிமரத்தில் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வேரிலிருந்து உச்சிவரை ஓயாமல் ஓடும் எறும்பு வரிசையைக் காணோம். மரத்தடி மண்ணில் எள்ளைக் கொட்டினாற்போல் கறுப்பாக ஏதோ சிதறிக் கிடக்கிறது.

“எறும்பெல்லாம் எங்கங்க?”

“எனக்கென்ன தெரியும்? வெயில் ஏறிடுச்சில்ல, உள்ள போயிருக்கும்.” குழாயை மூடுகிறார், திறக்கிறார், மறுபடி மூடுகிறார். மகள் பழத்தைத் துப்பட்டாவில் துடைத்து வாய்க்குக் கொண்டுபோகிறாள்.

“கடிக்காதம்மா!”

நுரை சொட்டும் கையை நீட்டிக்கொண்டு கத்துகிறவர் அவர்தான்.